மூன்றாவது தாள்

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. அக்கா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவில் பால் போடுகிறவர் முதல் லாரி ஓட்டுநர்கள் வரை எல்லோருக்கும் அவன் தம்பிதான். அவனைவிட இருபது வயது சின்னவர்கள்கூட "தம்பி சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி மட்டும் கோபம் வந்தால் "உங்க அக்காவோட தம்பியக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று அவனிடமே சொல்லுவாள்.

அவனுக்கு வேலை எடைமேடையில். மணல், ஜல்லி, இரும்பு ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். பக்கத்துக் கூண்டு அறையில் உட்கார்ந்து, திரையில் எண் நிலையானதும் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்ட வேண்டும். ஒரு கை போதும். அவனிடம் நல்ல கை ஒன்றுதான் இருந்தது. இடது கை நான்கு விரற்கடை குட்டை. முழங்கை லேசாக மடங்கியே இருக்கும், உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும், தோள் உயரத்துக்கு மேல் எழும்பாது.

அது எப்படி ஆனது என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தம்பிக்கு எட்டு மாதம். அக்காவுக்கு ஆறு வயது. தூக்காதே தூக்காதே என்று சொல்லியும் கேட்காமல் அக்கா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறாள். கால் வழுக்கி, பிள்ளையைக் கீழே போட்டுவிட்டாள். அன்றோடு கை போயிற்று. வீட்டுக்கு வருகிற எவரிடமும் அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். அக்கா அதே அறையில் வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் மடித்து எடுக்கும் வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே உருளை. இரண்டு முறை அவளுக்குக் கல்யாணத்துக்கு நல்ல இடம் வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "இவனுக்கு யாரு சட்டை பட்டன் போடுறது?" என்பாள். தம்பி ஒன்பது வயதிலேயே ஒற்றைக் கையால் பட்டன் போடப் பழகியிருந்தான். அதைச் சொன்னால் "அது நீயா நெனச்சுக்கிறது" என்று சிரிப்பாள். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அவன் வீட்டிலேயே, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தாள்.

சென்ற வருடம் தம்பியின் இடது தோளில் வலி தொடங்கியது. முதலில் தூங்கும்போது மட்டும். பிறகு உட்கார்ந்திருக்கும்போதும். வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருந்த மூட்டு மருத்துவரிடம் போனான். முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. அவன் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொன்னார், இரண்டு கைகளையும் நாடாவால் அளந்தார்.

"இது எப்படி ஆச்சு?"

"கைக்குழந்தையா இருக்கும்போது கீழ விழுந்துட்டேன் டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்தான்."

மருத்துவர் அவன் உள்ளங்கையை மறுபடி திருப்பிப் பார்த்தார். "விழுந்து ஆன மாதிரி தெரியல. அப்ப எந்த ஆஸ்பத்திரியில காட்டினாங்கன்னு தெரியுமா? அந்தப் பழைய குறிப்பு கிடைச்சா நல்லது. தோளைத் தொடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தெளிவு வேணும்."

ஊரின் மறுகோடியில் இருந்த குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனைக்குத்தான் அம்மா தூக்கிக்கொண்டு போனாள் என்று அவனுக்குத் தெரியும். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா அவன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்காவிடம் கேட்கலாம். ஆனால் அந்தப் பேச்சை அவளிடம் எடுப்பது அவனுக்குப் பிடிக்காது.

ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனான். பதிவேடுகள் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நீளமான அறை, கூரைவரை இரும்பு அலமாரிகள், குழல் விளக்குகளில் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. மேசையில் இருந்த பெண் ஊழியர் தூசிக்காக மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருந்தார். அதனால் அவர் சிரிக்கிறாரா எரிச்சலாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எந்த வருஷத்து ஃபைல்?"

சொன்னான்.

"நாப்பத்தாறு வருஷமா?" பேனாவைக் கீழே வைத்தார். "மத்த ஃபைலெல்லாம் பத்து வருஷத்துல கழிச்சிடுவோம் சார். எலும்பு, நரம்பு ஃபைல் மட்டும் ஆராய்ச்சிக்குன்னு பழசெல்லாம் வச்சிருக்காங்க. உங்க அதிர்ஷ்டம் எப்படின்னு பாப்போம். பதிவு எண் இருக்கா?"

"இல்லைங்க."

"அம்மா பேரு, நீங்க பொறந்த மாசம், அப்ப இருந்த வீட்டு விலாசம். அதை வச்சுத் தேடணும். இந்தாங்க, படிவம்."

அவன் அங்கேயே நின்று, இடது முழங்கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுதினான். எதற்காக நகல் தேவை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: தொடர் சிகிச்சை, காப்பீடு, வழக்கு, சொந்தத் தேவை. முதல் கட்டத்தில் குறியிட்டான். நோயாளி என்ற இடத்தில் தன் பெயரை எழுதும்போது, எட்டு மாதக் குழந்தைக்காகத் தான் கையெழுத்துப் போடுவது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அடையாள அட்டையின் நகலை ஊழியர் சேர்த்துக் குத்தினார்.

"முப்பது நாளுக்குள்ள பதில் வரும். இருந்தாலும் சொல்லுவோம், இல்லைன்னாலும் சொல்லுவோம். நடுவுல போன் பண்ணாதீங்க. எடுக்க ஆளில்லை."

நாற்பது நாளாகியும் பதில் வரவில்லை. அவன் மறுபடி போனான். அந்த ஊழியர் அவனைப் பார்த்ததும், "நீங்கதானே அந்த நாப்பத்தாறு வருஷம்?" என்றார். "ஃபைல் கிடைச்சிடுச்சு. பெரிய டாக்டர் கையெழுத்துக்குப் போயிருக்கு. அவரு ஊர்ல இல்லை." அதற்குப் பிறகும் ஒன்பது நாள் ஆயிற்று. கடைசியில் அழைப்பு வந்தது. போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு பழுப்பு உறையை வாங்கினான். உள்ளே ஐந்து தாள்கள்.

"ரொம்பப் பழசு. சில இடத்துல மை போயிடுச்சு" என்றார் ஊழியர். பிறகு மூக்குத்துணியைக் கொஞ்சம் இறக்கி, "எடுக்கும்போது கண்ணுல பட்டுச்சு. படிச்சேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அது ஏன் என்று தம்பிக்குப் புரியவில்லை.

பேருந்தில் உறையைத் திறந்து பார்த்தான். டாக்டர்களின் கிறுக்கல். தேதிகளைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. நேராக மூட்டு மருத்துவரிடம் போனான்.

அவர் முதல் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். "இது நீங்க பொறந்து பன்னிரண்டாம் நாள். பெரிய குழந்தை, நாலரைக் கிலோ. பிரசவத்துல தோள் மாட்டிக்கிச்சு. இழுத்து எடுத்திருக்காங்க. அதுல கழுத்துலேருந்து கைக்குப் போற நரம்பு இழுபட்டிருக்கு. பொறந்ததிலேருந்தே இடது கை அசையலன்னு உங்க அம்மாவே சொல்லியிருக்காங்க."

"பொறந்ததிலேருந்தா?"

"ஆமா. அதான் எனக்கும் பட்டுச்சு." இரண்டாம் தாளைப் புரட்டினார். "நாப்பதாம் நாள் மறுபடி வந்திருக்காங்க. தினமும் கையை அசைச்சு விடணும், மாசாமாசம் கூட்டிட்டு வரணும்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் வரல. அடுத்த வருகை எட்டாம் மாசம்."

மூன்றாவது தாளை எடுத்தார். பாதி படித்து நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க."

மருத்துவர் மெதுவாக, வரிவரியாக, படித்துச் சொன்னார். முந்தைய நாள் விழுந்ததிலிருந்து கை அசையவில்லை என்று தாய் சொல்கிறார். நெற்றியில் சிறு வீக்கம். எலும்பு முறிவு இல்லை. இடது கையின் நிலை பிறப்பின்போது ஏற்பட்ட நரம்புப் பாதிப்பு, முந்தைய குறிப்புகளைப் பார்க்கவும். உடன் வந்திருக்கும் மூத்த குழந்தை, பெண், ஆறு வயது, தொடர்ந்து அழுகிறாள், இரண்டு முறை வாந்தி. கைக்கு அவள் காரணமல்ல என்று தாயிடம் விளக்கப்பட்டது. அதை அந்தக் குழந்தையிடமும் சொல்லும்படி தாய்க்கு அறிவுறுத்தப்பட்டது.

மருத்துவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மீதி இரண்டு தாள்களும் வெறும் எக்ஸ்ரே அறிக்கைகள்.

"கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க" என்றான். அவர் படித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்கு அம்மாவின் நினைவு வரவில்லை. தன் நினைவுதான் வந்தது. இருபத்திரண்டு வயதில் ஓட்டுநர் வேலைக்குப் போய், கையைப் பார்த்து அவர்கள் திருப்பி அனுப்பிய அன்று, கதவை எட்டி உதைத்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "அன்னிக்கு நீ ஒழுங்காப் புடிச்சிருந்தா நான் இப்படி நிப்பேனா?" அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. அதற்கு முன்பும் பின்பும் வெவ்வேறு சண்டைகளில் அதே பேச்சை எடுத்திருக்கிறான். அதை எடுத்தால் அக்கா வாயை மூடிக்கொள்வாள், ஜெயித்துவிடலாம். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ படிக்கத் தெரிந்தவள் போல.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அவ என்ன ஆவா? அம்பத்திரண்டு வயசாகுது. எல்லாத்தையும் விட்டுட்டு எனக்காக இருந்துட்டா. இப்பப் போய் 'இதுக்கெல்லாம் அவசியமே இல்லை'ன்னு சொல்றதா?"

"சொல்லலன்னா நீங்களும் உங்க அம்மா மாதிரிதான்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறமும் அவன் பதினோரு நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது சொல்லலாம் என்று எழுந்து, குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். எடைமேடையில் ஒரு நாள் இரண்டு லாரிகளின் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டான். ஓட்டுநர் திரும்பி வந்து, "தம்பி சார், நான் ஜல்லி ஏத்திட்டு வந்தா நீங்க இரும்புங்கறீங்க. வீட்ல சண்டையா?" என்றான். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் உறையோடு போய்த் தரையில் உட்கார்ந்தான். மருத்துவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னான். வரிசை மாறினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, தேதியிலிருந்து ஆரம்பித்தான்.

அக்கா நகவெட்டியை மடக்கினாள். அழவில்லை. "நான் போடறதுக்கு முன்னாடியே அந்தக் கை அப்படித்தான் இருந்துச்சா?" என்றாள்.

"பொறந்ததிலேருந்து."

"அதான் உனக்கு எப்பவும் முழுக்கைச் சட்டையே போட்டுவிடுவா. வெயில் காலத்துலகூட. குளிப்பாட்டும்போது கதவச் சாத்திக்குவா." கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவுக்குத் தெரியாம வச்சிருந்திருக்கா. அப்பாவுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும் தெரிஞ்சிருந்தா, ஒழுங்காப் பெத்துக் குடுக்கத் தெரியலன்னு இவளத் தொரத்தியிருப்பாங்க. அந்த நேரம் பாத்து நான் போட்டுட்டேன்."

"நீ போட்டதுனால ஒண்ணும் ஆகல அக்கா. நெத்தியில வீக்கம் மட்டும்தான்."

"போட்டேன்ல. அது நெசந்தானே" என்றாள். பிறகு தாள்களைக் கேட்டு வாங்கினாள். "எதுல என்னைப் பத்தி எழுதியிருக்கு?"

மூன்றாவது தாளை எடுத்துக் காட்டினான். கடைசி வரியின் மேல் விரலை வைத்தான். அவள் அதைத் தன் விரலால் தொட்டாள்.

"அந்த டாக்டர் எனக்கு ஞாபகம் இருக்கு. வழுக்கைத் தலை. ஒரு காகிதத்தக் கிழிச்சுக் கப்பல் பண்ணிக் குடுத்தாரு. என் பக்கத்துல குனிஞ்சு என்னமோ சொல்ல வந்தாரு. அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, அவரு என்னைத் திட்ட வராரு, அம்மா காப்பாத்திக் கூட்டிட்டு வந்துட்டான்னு." அவள் குரல் அங்கேதான் முதல் முறையாக உடைந்தது. "அந்த டாக்டர்கிட்ட எங்கம்மா என்னைக் காட்டிக் குடுக்கலன்னு எவ்வளவு நாள் நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா?"

தம்பியின் மனைவி கதவருகே வந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள்.

"நான் ஒரு பிள்ளையையும் தூக்கினதில்லம்மா. உன் பொண்ணு பொறந்தப்ப நீ நீட்டினே. கை ஈரமா இருக்குன்னு சொல்லிட்டேன்."

மனைவிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. பத்தொன்பது வருடமாக மனத்தில் வைத்திருந்தாள். பெண் குழந்தை என்பதால் அண்ணிக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தன் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் உன்கிட்ட அத எத்தனை தடவ சொல்லிக் காட்டியிருக்கேன்" என்றான் தம்பி. அவனால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"ஒரே ஒரு தடவதான். அந்த டிரைவர் வேலை கிடைக்காதப்ப."

"இல்லக்கா. நெறைய தடவ."

"எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. விடு."

அவன் அழுதுவிட்டான். நாற்பத்தாறு வயது ஆண், தரையில் உட்கார்ந்து, நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு. அக்கா அவனைத் தேற்றவில்லை. எப்போதும் அவள்தான் தேற்றுவாள். அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மேல கோவம் வருதா?" என்று பிறகு கேட்டான்.

"அப்பாவுக்குப் பயந்தா. சரி. அப்பா போனப்ப உனக்குப் பத்து வயசு. அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷம் ஓடிருச்சு, அதுல முப்பத்திமூணு வருஷம் அவ உசுரோட இருந்தா. கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்தப்ப நான்தான் எல்லாம் பண்ணினேன். என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சா. 'தம்பியப் பாத்துக்கோ, உன்னாலதான் அவன் இப்படி'ன்னு அப்பவும் சொன்னா." அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரிப்பு மடிப்பது போல ஓரங்களைச் சரிபார்த்தாள். "சொல்லிச் சொல்லி அவளே நம்பிட்டாளோ என்னமோ. கோவம் இருக்குடா. யார்கிட்டப் போயிக் காட்ட?"

அடுத்த வாரம் ஒன்றும் மாறவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் தம்பி அவள் அறையைக் கடந்து போகும்போது, கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருளையின் சூட்டில் விரல் நுனிகள் எல்லாம் தடித்து வழவழப்பாகியிருந்தன. அவனைக் கண்டதும் மடக்கிக்கொண்டாள்.

"அக்கா, உனக்கு ஏதாவது வேணுமா?" என்றான். தனக்கே அபத்தமாக இருந்தது.

"என்ன வேணும்னு தெரியலடா. இது வரைக்கும் யோசிச்சதில்ல."

மூட்டு மருத்துவர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தார். நரம்பு இனிமேல் திரும்பாது. தோளைச் சுற்றியுள்ள தசைகளைத் தளர்த்தினால் வலியாவது குறையும். சனிக்கிழமைதோறும் பயிற்சிக்கு வரச் சொன்னார். முதல் சனிக்கிழமை அக்காவும் கூடப் போனாள். அவள் கேட்கவும் இல்லை, அவன் கூப்பிடவும் இல்லை. அவன் சட்டையைக் கழற்றியபோது எப்போதும்போல வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பயிற்சி கொடுக்கும் இளைஞர் கையைத் தூக்கித் தாழ்த்துவதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"இத அப்பவே பண்ணியிருந்தா நல்லாயிருந்திருக்குமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"குழந்தையிலேயே ஆரம்பிச்சிருந்தா ஓரளவு வந்திருக்கும்மா."

"நான் பண்ணியிருப்பேன்" என்றாள் அக்கா. "ஆறு வயசுன்னாலும் தினமும் பண்ணியிருப்பேன். சொல்லியிருந்தா போதும்."

இரண்டாம் சனிக்கிழமையும் வந்தாள். மூன்றாம் வாரம், அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தபோது, அக்கா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இனிமே நீயே போய்க்க" என்றாள். கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவன் தனியாகப் போனான். சட்டையைத் தானே கழற்றி ஆணியில் மாட்டினான். வலி முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. கை எழும்பவில்லை. திரும்பி வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, இரண்டு மணிக்கே வெளியே போனதாக மனைவி சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லையாம். வேலைக்கும் கடைக்கும் தவிர அக்கா இதற்கு முன் தனியாக எங்கும் போனதில்லை.

அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஏழு மணிக்கு அக்கா தெருமுனையில் திரும்பி மெதுவாக நடந்து வந்தாள். நடையில் அவசரம் இல்லை. அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகும்போது அவன் தலையை லேசாகத் தொட்டாள்.

எங்கே போயிருந்தாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.